கொத்தமல்லி வாங்கப் போனவர்கள்

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். ஆபீஸில் எனக்கு ஒரு மேசை, ஓர் அடையாள அட்டை, ஒரு மணி பிளான்ட். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது புதிதாக வரும் ஃபெலோவின் பொறுப்பாம்.

இணையக் கொள்கை ஆய்வு மையத்தின் மாணவர் ஃபெலோஷிப், மூன்று மாதம். சட்டப் படிப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு நேராக வந்திருக்கிறேன். இணையம், செயலி, தனியுரிமை என்று ஏதாவது ஒன்றை எடுத்து ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். முடிவில் எங்கள் நான்கு பேரில் ஒருவரை ஒரு வருட வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோவில்பட்டியில் சித்தப்பாவுக்கு ஜூனியராக, செக் திரும்பி வந்த வழக்குகளுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஹாஸ்டல் சைதாப்பேட்டையில். அப்பா இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் வாசலில் இருக்கும் இயந்திரம். போகும்போதும் வரும்போதும் அட்டையை அதில் காட்டினால் 'பத்திரம்' என்ற செயலி வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடும். இன்று நான் வந்ததும் அப்பாவின் போனுக்குப் போன செய்தி: "தங்கள் மகள் செண்பகவல்லி பத்திரமாக உள்ளே வந்துவிட்டார்." அப்பா அதற்கு "மிக்க நன்றி" என்று பதில் போட்டிருக்கிறார். இயந்திரத்துக்கு!

ஜூன் 4, புதன்

மூன்று கூட்டங்கள். எல்லோரும் 'பங்குதாரர்கள், பங்குதாரர்கள்' என்றார்கள். யாருக்கு எதில் பங்கு என்று கடைசிவரை விளங்கவில்லை. நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

அறைத் தோழி பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம். தி.நகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வந்த அன்றே என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, ஒரு காதுப்பக்கம் தூக்கியிருக்கிறது என்று வளைத்துச் சரிசெய்து கொடுத்தாள். ஐந்து வருடமாக உலகத்தைக் கொஞ்சம் சாய்வாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலையில் டிபன் கேரியரோடு கிளம்பினாள். எங்கே என்று கேட்டதற்கு, "கொத்தமல்லி வாங்க" என்றாள். கேரியரிலா?

துணி துவைத்தேன். நீலச் சுடிதார் சாயம் விட்டு மூன்று பனியன்களைக் காலி செய்துவிட்டது.

ஜூன் 11, புதன்

தலைப்பு கிடைத்துவிட்டது. அபர்ணா மேடம்தான் என் வழிகாட்டி. முடியைக் கிராப் வெட்டியிருப்பார், மிக மெதுவாகப் பேசுவார், யாரையும் நீங்கள் என்றுதான் சொல்வார். நான் தயாரித்து வைத்திருந்த ஐந்து தலைப்புகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க தங்கியிருக்கிற ஹாஸ்டல்ல என்ட்ரி எப்படி?" என்றார்.

சொன்னேன்.

"உங்களுக்கு என்ன வயசு, செண்பகம்?"

"இருபத்து மூணு, மேடம்."

"அந்தச் செயலிக்குச் சம்மதம் குடுத்தது யாரு?"

அப்பா. அப்பாவின் போனில், அப்பாவின் கட்டை விரல்.

"இதைவிட என்ன தலைப்பு வேணும்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தச் செய்தி வந்தால்தான் அப்பா சாப்பிட உட்காருகிறார் என்று அம்மா சொன்னாள். அதைத் தனியுரிமை மீறல் என்று எழுதலாமா? எழுதினால் சரிதான். சரி என்பதுதான் இடிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

கொத்தமல்லி என்றால் என்னவென்று இன்று தெரிந்தது.

பேச்சி என்னை வரச் சொன்னாள். இருவரும் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே போனோம். தெருமுனையில் தன் அட்டையை என் கையில் கொடுத்தாள். "கால் மணி நேரம் கழிச்சு ரெண்டு அட்டையையும் காட்டிட்டு உள்ள போயிரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டையும் காட்டிட்டு இங்கன வா. நான் நிப்பேன்."

அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு அவள் கடைக்குப் போனாள், கொத்தமல்லி வாங்கினாள், வந்துவிட்டாள், நாள் முழுக்க அறையிலேயே இருந்தாள். ஹாஸ்டலில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள். ஒருத்தி நீச்சல் கற்கப் போகிறாள். ஒருத்தி சும்மா பீச்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். வார்டன் மணிமேகலை ஆன்ட்டிக்குத் தெரியாமல் இருக்காது. இன்று நான் உள்ளே வந்தபோது என்னைப் பார்த்து, "ரெண்டு பேரு போயி ஒரு கட்டு கொத்தமல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

நிஜமாகவே ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மனம் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

ஆய்வு நெறிமுறைப் பயிற்சி. சம்மதம் வாங்காமல் யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. பெயரை மாற்ற வேண்டும், ஊரை மாற்ற வேண்டும். பேசியவரால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ள முடிய வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நான்கு பேரில் அதிகக் கேள்வி கேட்டவள் நான்தான்.

ஜூன் 22, ஞாயிறு

பேச்சி இன்று சொன்னாள், நான் கேட்காமலேயே. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது.

அவளுக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள், உலகம்மாள். இரண்டு வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போனவள். அண்ணன் சுடலைமணி அரிவாளோடு அந்தப் பையன் வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறான். இன்னமும் தேடுகிறான். அக்கா சென்னையில்தான் இருக்கிறாள். நான்கு மாதக் குழந்தை. இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் பேச்சி. அக்காவைப் பார்க்கத்தான் ஒவ்வொரு ஞாயிறும் கேரியரோடு போகிறாள். அவளுடைய 'பத்திரம்' செய்திகள் அண்ணன் போனுக்குத்தான் போகின்றன.

"நான் ஞாயித்துக்கெழம முழுசும் வெளிய இருக்கேன்னு தெரிஞ்சா, அடுத்த ஞாயிறு பின்னாலயே வந்துருவான்," என்றாள். "வந்தான்னா அவள விடமாட்டான்."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

*(இந்த இடத்தில் ஒரு தாள் இல்லை.)*

பெருவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது. பேச்சிக்கு இருக்கும் அதே மூக்கு. உலகம்மாள் அக்கா திரும்பத் திரும்ப, "சாப்புடுங்க, சாப்புடுங்க" என்றார். எத்தனை நாளாகிறதோ அவர் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து. எங்கள் இருவர் அட்டையையும் இன்று நீச்சல் கற்பவள் காட்டினாள்.

ஜூலை 5, சனி

பேட்டிகள் நடக்கின்றன. இன்று பேச்சி. அவள் கட்டிலில் உட்கார்ந்து சம்மதப் படிவத்தை உரக்க வாசித்தேன்.

"'நீங்கள் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்.'"

"எதுலருந்து?"

"ஆய்விலருந்து."

"நான் எங்கட்டி உள்ள வந்தேன்? நீதான என் கட்டில்ல வந்து உக்காந்திருக்க."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பாதிதான் வாசித்திருந்தேன். மீதியை வாசிக்கட்டுமா என்றேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று தலை வார ஆரம்பித்தாள். கொத்தமல்லி பற்றிக் கேட்டேன். எல்லாம் சொன்னாள். அக்காவைப் பற்றி எழுதமாட்டேன் என்று நானே சொன்னேன். "அத மட்டும் எழுதிராத," என்றாள்.

ஜூலை 14, திங்கள்

அபர்ணா மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கொத்தமல்லி! செண்பகம், இதுதான் அறிக்கை. மத்ததெல்லாம் பின்னிணைப்பு."

பெற்றோருக்குப் பாதுகாப்பு என்று விற்கப்படும் ஒன்று, பாதுகாப்பே இல்லை, பொய்யான நிம்மதி. வயதுவந்த பெண்களைக் கண்காணித்தால் அவர்கள் கண்காணிப்பை ஏமாற்றக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆகவே வயதுவந்தோர் விடுதிகளில் இதை எடுத்துவிட வேண்டும். இதுதான் என் வாதம். கேட்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மற்ற மூன்று ஃபெலோக்களும் மதியம் என்னிடம் கொஞ்சம் குறைவாகப் பேசினார்கள். அதுவும் பிடித்திருந்தது. மணி பிளான்ட் புதிதாக ஓர் இலை விட்டிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

கொத்தமல்லி. மழை. பேச்சி நனைந்துகொண்டு வந்தாள். குழந்தை குப்புற விழுந்துவிட்டதாம். பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இத்தனைக்கும் அது தரையில்தான் கிடந்தது. குப்புற விழுவது நல்ல விஷயமும்கூட.

ஜூலை 23, புதன்

வரைவு முடிந்தது. பேச்சி இப்போது 'பங்கேற்பாளர் 7', கோயம்புத்தூர்க்காரி, துணிக்கடை ஊழியர். அக்கா இல்லை, அண்ணன் இல்லை. யார் படித்தாலும் அவள் என்று கண்டுபிடிக்க முடியாது. நானே ஒருமுறை அந்நியர் போலப் படித்துப் பார்த்தேன். முடியவில்லை.

அபர்ணா மேடம் ஒரு வரியின் கீழ் இரட்டைக் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார்: "இரு அட்டைகள் சில நொடி இடைவெளியில் அடுத்தடுத்துப் பதிவாவதைக் கவனித்தாலே இந்தப் பரிமாற்றம் புலப்பட்டுவிடும், நிறுவனம் அதைக்கூடக் கவனித்ததில்லை." நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

ஜூலை 25, வெள்ளி

வரைவை 'பத்திரம்' நிறுவனத்துக்கு அனுப்பியாயிற்று. மையத்தின் வழக்கம் இது. யாரைப் பற்றி விமர்சித்து எழுதுகிறோமோ அவர்களுக்கு அச்சுக்கு முன் காட்டிப் பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம் என்றார் மேடம். எனக்கும் அப்படியே பட்டது. மெயிலை நானே எழுதினேன். ஒரு காற்புள்ளியைக்கூட மேடம் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பத்து நாள் ஆகும் முன்பே பதில் வந்துவிட்டது. இவ்வளவு மரியாதையான மெயிலை நான் பார்த்ததில்லை. "தங்கள் ஆய்வு எங்களுக்குப் பேருதவி. தாங்கள் சுட்டிக்காட்டிய குறையை உடனடியாகச் சரிசெய்கிறோம். தங்கள் மையத்துக்கு எங்கள் நன்றியைப் பதிவு செய்கிறோம்."

ஆபீஸில் சமோசா வரவழைத்தார்கள். ஆண்டறிக்கையில் 'தாக்கம்' என்று ஒரு பகுதி உண்டாம். அதில் என் பெயர் வரும் என்றார் இயக்குநர். இதுவரை எந்த மாணவர் ஃபெலோவுக்கும் வந்ததில்லையாம். இரண்டு சமோசா தின்றேன்.

எந்தக் குறையை? நான் குறை என்று சொன்னது கண்காணிப்பை. அதை எப்படி 'உடனடியாகச் சரிசெய்ய' முடியும்? நிறுத்திவிடப் போகிறார்களோ? மேடத்திடம் கேட்கலாம் என்று போனேன். அவர் போனில் இருந்தார். அப்புறம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாசலில் கேமரா மாட்டிவிட்டார்கள். இனி அட்டையோடு முகத்தையும் காட்ட வேண்டும். ஒருவர் முகத்துக்கு ஓர் அட்டை. சாயங்காலம் வரிசையில் நின்று எல்லோரும் முகத்தைப் பதிவு செய்தோம். வலப்பக்கம், இடப்பக்கம், சிரிக்காமல். மணிமேகலை ஆன்ட்டி யார் கண்ணையும் பார்க்காமல் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சி எனக்கு முன்னால் நின்றாள். திரும்பி, "இவங்களுக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"தெரியல," என்றேன்.

நீலச் சுடிதாரைத் தனியாக ஊறவைத்திருக்கிறேன். இன்னமும் சாயம் போகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

கேமராவோடு முடியவில்லை. சேமித்து வைத்திருந்த இரண்டு மாதப் பதிவுகளையும் அலசியிருக்கிறார்கள், அடுத்தடுத்துப் பதிவான அட்டைகளைத் தேடி. என் நட்சத்திர வரியை வைத்து. எல்லா வீட்டுக்கும் செய்தி போயிருக்கிறது: "தங்கள் மகளின் கீழ்க்காணும் பதிவுகள் ஐயத்துக்குரியவை." கீழே தேதிகள். எங்கள் இருவருக்கும் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்.

ஆபீஸில் இருக்கும்போதே அப்பா கூப்பிட்டார். "என்னம்மா, ஏதோ ஐயம்னு வந்திருக்கு?" மெஷின் கோளாறுப்பா என்றேன். "அப்படியா? சரி, சரி," என்றார். வைத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அறைக்கு வந்தபோது பேச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பேசியிருக்கிறான்.

"ஞாயித்துக்கெழம வாரானாம். அத்தன ஞாயிறும் எங்க போனேன்னு நேர்ல சொல்லணுமாம்."

"திட்டினாரா?"

"கத்தலட்டி. சாப்புட்டியான்னு கேட்டுட்டு வச்சிட்டான். கத்திருந்தா எனக்குப் பயமில்ல."

அக்காவுக்குப் போன் செய்யவும் பயப்படுகிறாள். அண்ணன் வந்து போனைப் பிடுங்கிப் பார்ப்பான்.

நான் எந்த விதியையும் மீறவில்லை. சம்மதம் வாங்கினேன். பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். பங்கேற்பாளர் 7 யாரென்று இன்றுவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படியானால் இது எப்படி நடந்தது? பயிற்சிக் குறிப்புகளை எடுத்து முதலிலிருந்து படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிவிட்டேன். காலையில், அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வேறு எப்போது சொன்னாலும் எனக்கு வாய் வந்திருக்காது.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வரைவைக் காட்டு என்றாள். தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நிறுவனத்துக்கு ஏன் அனுப்பினாய் என்றாள். வழக்கத்தைச் சொன்னேன். அவர்களைப் பற்றி எழுதுவதால் அவர்களுக்குக் காட்டுவதுதான் நியாயம், பத்து நாள் கொடுப்போம் என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை.

"அவங்களுக்குப் பத்து நாள் குடுத்தீக. எனக்கு?"

நான் வரைவின் ஓரத்தை மடித்தேன்.

"என்னையப் பத்தியும்தான எழுதியிருக்க. ஒரு தடவ படிச்சுக் காட்டியிருந்தா, இந்த வரி வேண்டாம் செண்பகம், இத வச்சுத்தான் நாங்க வெளிய போறோம்னு சொல்லியிருப்பேன்லா. ஒரே ஒரு வரி."

வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கும் மேலே பயம். ஆபீஸ் போகவில்லை. வாசல்வரை போனேன், கேமராவைப் பார்த்தேன், திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் மெயில் அனுப்பினேன். நிறுவனத்துக்கும் மையத்துக்கும் சேர்த்து.

"அறிக்கையில் குறிப்பிட்ட அட்டைப் பரிமாற்றங்களை விடுதிவாசிகள் யாரும் செய்யவில்லை. ஆய்வுக்குச் சோதனையாக, அவர்களுக்குத் தெரியாமல் அவர்களின் அட்டைகளை எடுத்து நானே செய்தவை. அவர்கள் அந்நேரங்களில் விடுதிக்குள்தான் இருந்தார்கள். பேட்டியில் வந்த கூற்றுகளும் நான் புனைந்தவையே. இதை மறைத்தது என் தவறு."

நான் வந்தது ஜூன் இரண்டு. அவர்கள் அலசிய பதிவுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. பொருந்துகிறது.

இந்த இரண்டு மாதத்தில் நான் எழுதியதில் இது ஒன்றுதான் முழுப் பொய். இதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

நிறுவனம் உடனே பிடித்துக்கொண்டது. ஹாஸ்டல் பெண்கள் தங்கள் இயந்திரத்தை ஏமாற்றினார்கள் என்பதைவிட, ஒரு திருட்டு ஆராய்ச்சிக்காரி ஏமாற்றினாள் என்பது அவர்களுக்கும் சௌகரியம். எல்லா வீட்டுக்கும் மறு செய்தி போய்விட்டது. அவை ஓர் ஆய்வாளரின் அனுமதியற்ற சோதனைப் பதிவுகள். தங்கள் மகள் பத்திரமாக உள்ளேதான் இருந்தார்.

என் வீட்டுக்கு வேறு மாதிரி செய்தி. அப்பா கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைக அட்டைய எல்லாம் அவுகளுக்குத் தெரியாம நீதான் எடுத்தியா?"

"ஆமாப்பா."

அப்பா வேலை பார்க்கும் மில்லின் சத்தம் பின்னால் கேட்டது.

"நீ சின்னப் பிள்ளையிலருந்து தப்பு செஞ்சா அழுதுட்டுதான் ஒத்துக்கிடுவ," என்றார். "இப்படி டக்குனு ஆமாங்க மாட்ட."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி. அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

போனை வைத்தபிறகு அழுதேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுடலைமணி வந்தான். நான் நினைத்த மாதிரி இல்லை. வெள்ளைச் சட்டை, ஒல்லி, நெற்றியில் திருநீறு. பார்வையாளர் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்திருந்தான். பேச்சியிடம் போனைக் கேட்டு வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நீங்கதான் அந்த ஆராய்ச்சிப் பிள்ளையா?"

"ஆமாண்ணே. மன்னிச்சிருங்க. என்னால உங்களுக்கு அலைச்சல்."

"படிச்ச பிள்ளைக, இப்படிச் செய்யலாமா? என் தங்கச்சியப் போயிச் சந்தேகப்பட்டுட்டேன்லா." பேச்சியின் தலையில் கை வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அவ அப்படிப் போகமாட்டா. எங்க வீட்டுல போனவ ஒருத்திதான்."

அப்புறம் என் பக்கம் குனிந்து, மிகவும் பணிவாகக் கேட்டான். "உங்களுக்கு இந்த மெசினு சமாச்சாரமெல்லாம் தெரியுமே. ஒரு ஆளு எங்க இருக்குன்னு போட்டோவ வச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கு ஏதும் இருக்கா? இந்தக் கேமராவுல எல்லாரு மூஞ்சியும் விழுதுல்லா, அத மாதிரி?"

"இல்லண்ணே. அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது."

இதுவும் பொய்யா, உண்மையா? எனக்கே தெரியவில்லை. நேற்றுவரை படித்த கட்டுரைகளில் பாதி அதைப் பற்றித்தான்.

மதியம் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அல்வாவை யாரும் தொடவில்லை. மணிமேகலை ஆன்ட்டி பொட்டலத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, "செண்பகம், சாப்டியாம்மா?" என்றார். வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி.

ஆகஸ்ட் 11, திங்கள்

நெறிமுறைக் குழு. சம்மதமில்லாமல் சோதனை, புனைந்த பேட்டிகள். ஃபெலோஷிப் ரத்து. சான்றிதழ் கிடையாது. கல்லூரிக்கும் எழுதுவார்கள். ஒருமணி நேரம்கூட ஆகவில்லை.

மேடம் படிக்கட்டுவரை கூட வந்தார்.

"பேட்டிப் பதிவுகளை நான் கேட்டிருக்கேன், செண்பகம். நிஜக் குரல்கள். உங்க மெயில்தான் பொய்."

"மேடம்..."

"உள்ள சொல்லல. சொன்னா நீங்க தப்பிச்சிருவீங்க, அந்தப் பொண்ணுங்க மாட்டிப்பாங்க. சொல்லலைன்னா உங்களுக்கு வேலை இல்ல. வெள்ளிக்கிழமையிலேருந்து என்ன செய்யறதுன்னே புரியல எனக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருஷக்கணக்கா கம்பெனிகளுக்குத்தான் வரைவு அனுப்பறோம். யாருக்கும் இது தோணல."

பேச்சி கேட்டதை அவரிடம் சொன்னேன். அவங்களுக்குப் பத்து நாள், எனக்கு?

பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்படியே நிறுத்திக்கொண்டார். "இதை எழுதிக்கலாமான்னு அவங்ககிட்ட கேக்கணும், இல்ல?"

"கேட்டுட்டு எழுதுங்க, மேடம்."

மணி பிளான்டுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கேமரா இருக்கிறது; இருக்கும். அதை நான் எழுதிய எந்த மெயிலாலும் கழற்ற முடியாது. நீச்சல் கற்றவள் போவதை நிறுத்திவிட்டாள். பீச்சுக்குப் போனவள் வேறு ஹாஸ்டல் தேடுகிறாள். இருவரும் என்னைப் பார்த்தால் எழுந்து போகிறார்கள். அட்டையைத் திருடியவள் என்று நினைத்தா, அல்லது நடந்தது தெரிந்தா? கேட்கும் தைரியம் இல்லை.

பேச்சி என்னோடு அளவாகப் பேசுகிறாள். பக்கெட்டை எடுக்கிறேன், ஃபேனை நிறுத்து, அவ்வளவுதான். ஆனால் இன்று வேலை முடிந்து வந்ததும் ஓரமாக வந்து, "மத்தியானம் கடைக்கு ஒரு அம்மா வந்திருந்தா," என்றாள். "கைப்பிள்ளையோட. பிரேம் லூசா இருக்குன்னு சொன்னா. ரொம்ப நேரம் டைட் வச்சேன்."

"யாரு?"

அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. கண்ணாடிக் கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அதற்கு அட்டை வேண்டாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாயங்காலம் ரயில். பெட்டி கட்டியாயிற்று. நீலச் சுடிதாரை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

காலையில் இந்த நோட்டை பேச்சியிடம் கொடுத்தேன்.

"என்னது?"

"உன்னையப் பத்தியும் எழுதியிருக்கு. படி. வேண்டாங்கிறத எடுத்திரு."

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எத்தன நாளு?"

"பத்து நாள்."

"உனக்கு இன்னைக்கு ரயிலுட்டி."

"அப்ப சாயங்காலம் வரைக்கும்."

கட்டிலில் சாய்ந்து படிக்க ஆரம்பித்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன். அவள் படிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் இருக்க என்னால் முடியவில்லை. துணி காயும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதையெல்லாம் எழுதினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுமே நல்லபடியாக நினைவுக்கு வரவில்லை.

நான்கு மணிக்கு அவளே மேலே வந்து நோட்டைக் கொடுத்தாள். என் கண்ணாடியைக் கழற்றி, ஒரு காதுப்பக்கம் லேசாக வளைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். "போயிட்டு வா," என்றாள். கீழே போய்விட்டாள்.

இதை ரயிலில் எழுதுகிறேன். செங்கல்பட்டு தாண்டியாயிற்று. ஹாஸ்டலை விட்டு வெளியே வந்தபோது முகத்தைக் காட்டியதற்கு அப்பாவுக்குச் செய்தி போயிருக்கும். இன்னும் கூப்பிடவில்லை.

நோட்டை முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். ஜூன் இருபத்தொன்பதில் ஒரு தாளைக் கிழித்திருக்கிறாள். வீடு எங்கே, எந்த பஸ், எந்தத் திருப்பம் என்று எழுதியிருந்த தாள். குழந்தையைப் பற்றி எழுதியதை விட்டுவைத்திருக்கிறாள். தன் பெயரை மாற்றவில்லை. என்னைப் பற்றி நான் பெருமையாக எழுதிக்கொண்டதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறாள்.

வேறு ஓர் இடத்தில் மட்டும் அவள் பேனா பட்டிருக்கிறது. ஆகஸ்ட் ஐந்தில், "தெரியல" என்று நான் சொன்ன வார்த்தையின் கீழே ஒரு கோடு.